சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்ட வண்டி

எங்கள் வீட்டு ஆண்களுக்கு ரப்பரைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. ஒருவருக்கு எல்லாம் தெரியும். இன்னொருவர் அவருடைய தம்பி. எங்கள் குடும்பத்தில் அறிவு அப்படித்தான் பரவும்.

எல்லாம் தெரிந்தவர் என் கணவரின் அண்ணா. புனலூருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீட்டில் குடியேறியவர். தோட்டத்தில் அவர் செய்தது சம்பளப் பட்டியலைக் கூட்டிச் சரிபார்ப்பது. எந்த மரத்திலும் அவர் கத்தி வைத்ததில்லை. பால் உறைந்து ஷீட் ஆவதை ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கலாம், அதுவும் ஜன்னல் அந்தப் பக்கம் இருந்திருந்தால். ஆனாலும் ஊருக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து எங்கள் இரண்டு வீடுகளிலும் ரப்பரால் ஆன எந்தப் பொருளும் அவருடைய தீர்ப்புக்குத் தப்பியதில்லை. செருப்பு வார், வெந்நீர்ப் பை, பையனின் பள்ளிக்கூடப் பையில் கிடந்த பழைய அழிப்பான் எல்லாவற்றையும் எடுப்பார், மூக்கருகே கொண்டுபோவார், கண்ணை மூடுவார்.

"ரப்பர்ங்கறது மரத்தோட பாலாக்கும். உயிருள்ள வஸ்து. தலைமுடி மாதிரி. எண்ணெய் காட்டாட்டா வறண்டு போயிடும்."

எண்ணெய் என்றால் எங்கள் ஊரில் தேங்காய் எண்ணெய்தான். ஒரு முறை எங்கள் குக்கரின் ரப்பர் வளையத்தை எடுத்துப்போய் எண்ணெய் தடவி, வெயிலில் காயவைத்து, "இனிமே பத்து வருஷத்துக்குக் கவலையில்லே" என்று திருப்பிக் கொடுத்தார். கொஞ்ச நாளில் அது ஊதிப் பெருத்து, மூடிக்குள் அடங்காமல் பிதுங்கியது. ஆவி எல்லாப் பக்கமும் சீறிக்கொண்டு வெளியேறியது. பருப்பு வேகவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து அவர் தம்பியிடம் சொன்னார்: "பருப்பு பழசுடா. கடையை மாத்தச் சொல்லு."

தம்பியிடம்தான் சொல்வார். தம்பி மனைவியிடம் நேராகப் பேசுவது மரியாதையில்லை என்பது அவருடைய கொள்கை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் எனக்குச் சொல்லவேண்டியதையெல்லாம் என் கணவரிடமோ, அவர் இல்லாவிட்டால் சுவரிடமோதான் சொல்லி வந்தார். நான் பதில் சொன்னால் காதில் விழாது. சுவருக்கு வாய் கிடையாதல்லவா.

நான் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். ஆய்வகத்தில் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு பர்னர், ஒவ்வொரு பர்னருக்கும் ஒரு ரப்பர் குழாய். கல்லூரி திறந்ததும் முதல் வேலையாக அந்தக் குழாய்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வளைத்துப் பார்ப்பேன். பழசாகிவிட்டதை வளைத்தால் வெளி வளைவில் மெல்லிய கீறல்கள் வாய் திறக்கும். விரலால் அழுத்தினால் கட்டைபோல் இருக்கக்கூடாது, களிபோலவும் இருக்கக்கூடாது. முக்கியமாக முனை. கேஸ் குழாயில் மாட்டியிருக்கும் அந்த ஓரம்தான் முதலில் போகும். நடுவில் எவ்வளவு அழகாக இருந்தாலும் முனை தளர்ந்துவிட்டால் குப்பைக்கூடைதான். எண்ணெய் பட்ட ரப்பர் ஊதும், இளகும், பிடிப்பை விடும் என்பதை முதலாண்டு மாணவிகளுக்குக்கூடச் சொல்லித் தருகிறோம். இதை வீட்டில் சொன்னால் என் கணவர் சிரிப்பார்.

"அது லேப்டி. இது லோகம்."

இந்த லோகத்துக்குள்தான் அந்த மோட்டார் சைக்கிள் வந்தது.

மைத்துனர் புனலூரில் இருந்தபோது வாங்கிய வண்டி. சிவப்பு நிறம், இரண்டு பக்கமும் சைலன்ஸர், தெருவையே எழுப்பும் சத்தம். ஓய்வு பெற்றபின் வருஷக்கணக்காக அவர் வீட்டுக் கொல்லையில் தகரக் கூரையின் கீழ் சாக்கு போர்த்தி நின்றது. என் மகனுக்கு ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை கிடைத்ததும் அவர் சாக்கை உருவினார். ஒரு நல்ல நாள் பார்த்து, சாவியை வெற்றிலையில் வைத்து, அவனிடம் கொடுத்தார். கூடவே ஒரு பிரசங்கம். இந்தக் காலத்து வண்டிகள் எல்லாம் பிளாஸ்டிக், இது இரும்பு, இதில் இருக்கும் ரப்பரெல்லாம் தானே பார்த்துப் பார்த்துப் போட்டது, இத்யாதி.

என் மகன் நன்றாகப் படித்தவன், ஆனால் சத்தம் போடும் எதைக் கண்டாலும் அறிவை இழந்துவிடுகிறவன். கம்பெனி பஸ் ஈஞ்சக்கல் முனையில் வந்து நிற்கும். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அதில் போ என்று நான் சொன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

"அம்மே, நீ சும்மா பேடிக்கறே. ஒரு குழப்பமும் இல்லை."

பயப்படுகிறாய், ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். மலையாளப் பள்ளியில் படித்த எங்கள் குழந்தைகளுக்குத் தைரியம் மட்டும் மலையாளத்தில்தான் வருகிறது.

அன்றிலிருந்து என் சாயங்காலங்கள் ஒரு சத்தத்துக்காகக் காத்திருப்பதாக மாறின. அவன் போகும் பைபாஸில் மணல் லாரிகளும் டாங்கர்களும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு போகும். அவற்றுக்கு நடுவே, பத்து வருஷம் சாக்குக்குள் கிடந்த ஒரு வண்டியில் என் ஒரே பிள்ளை. தெருமுனையில் அந்தத் தடதடப்புக் கேட்கும்வரை அடுப்பில் எதை வைத்தாலும் எனக்கு ருசி தெரியாது.

சனிக்கிழமை எங்கள் தெருவில் ஆண்களுக்கு எண்ணெய்க் குளியல். வண்டி வந்தபிறகு அதற்கும் சனிக்கிழமைதான். இடுப்பில் துண்டோடு, உச்சி முதல் பாதம் வரை வழுவழுவென்று மினுக்கிக்கொண்டு, அண்ணாவும் தம்பியும் என் மகனும் வாசலில் உட்கார்ந்து அந்த மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் தேய்ப்பார்கள். டயரின் பக்கங்கள், கால் வைக்கும் ரப்பர், கைப்பிடி, காற்று வடிகட்டியிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் தடித்த ரப்பர் முழங்கை, டாங்கிலிருந்து கீழே இறங்கும் பெட்ரோல் டியூப் எதையும் விடமாட்டார்கள். மைத்துனர் உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றி அந்தப் பெட்ரோல் டியூபை மேலிருந்து கீழாக உருவுவதை ஒருவர் பார்த்தால் பசுமாட்டில் பால் கறக்கிறார் என்று நினைப்பார்.

தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். "புதுசு மாதிரி இருக்கே!" என்பார்கள். எங்கள் தெருவின் ரசனை அது. மினுமினுத்தால் புதிது. என் மைத்துனரின் மண்டையும் அந்தக் கணக்குப்படி புதிதுதான்.

முதல் துப்பு எனக்குத் துணி துவைக்கும் கல்லில் கிடைத்தது. மகனுடைய பேன்ட்டின் ஒரு காலில் மட்டும், முழங்காலுக்குக் கீழே, பெட்ரோல் வாசனை. கேட்டேன்.

"பங்க்ல நிறைய அடிச்சுட்டான். சிந்திடுத்து."

அடுத்த வாரமும் அதே காலில், அதே இடத்தில். பங்க்காரன் ஒவ்வொரு முறையும் குறிபார்த்து ஒரே இடத்தில் சிந்துவானா? நான் வாசலுக்குப் போனேன். வண்டியருகே குந்தி உட்கார்ந்து டியூபைக் கையில் பிடித்தேன். கறுகறுவென்று பளபளத்தது. அழுத்தினேன். என் கட்டைவிரலின் பள்ளம் அப்படியே நின்றது. விரலில் கறுப்புச் சாயம் ஒட்டியது. வளைத்துப் பார்த்தபோது, எண்ணெய்ப் பூச்சின் கீழே, யானைத் தோல்போலக் கீறல்கள். டாங்க் பக்கத்து முனை ஊதி, வாய் அகன்று, கிளிப்புக்கு அடங்காமல் கிடந்தது. அதை ஒரு கம்பியால் சுற்றி முறுக்கியிருந்தார்கள். அந்த முனையிலிருந்து டியூப் வழியாக ஈரம் ஒரு கோடாக இறங்கி, என் மகன் கால் வைக்கும் பக்கத்தில் முடிந்தது.

கணவரைக் கூப்பிட்டேன். அவர் அண்ணாவைக் கூப்பிட்டார். அண்ணா வந்து குனிந்து பார்த்தார்.

"அது பெட்ரோல் இல்லேடா, எண்ணெய். நான் தடவினது."

"பெட்ரோல் வாசனை அடிக்கறதே," என்றேன்.

"பெட்ரோல் டியூப்ல பின்னே மல்லிப்பூ வாசனையா வரும்? கேளுடா அவகிட்ட."

என் கணவர் என்னிடம் திரும்பி, மொழிபெயர்ப்பாளர் போல, "பின்னே மல்லிப்பூ வாசனையா வரும்?" என்று கேட்டார். அரசாங்க ஆபீசில் மேலிருந்து வரும் காகிதத்தைக் கையெழுத்துப் போட்டுக் கீழே அனுப்பியே பழகிய மனிதர். வீட்டிலும் அதைத்தான் செய்தார்.

நானே வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். நவராத்திரி நடந்துகொண்டிருந்தது. அஷ்டமியன்று கல்லூரி முடிந்து ஆரியசாலைக் கடைத்தெருவில் இறங்கி, உதிரிபாகக் கடை ஒன்றில் ஏறினேன். கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்து மனிதர். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"சார் வரலியாக்கா?"

"பெட்ரோல் டியூப் வாங்க சார் எதுக்கு?"

"இல்லக்கா, பொம்பளையாளு வந்தா குக்கர் வாஷருதான் கேப்பாவ. அது அடுத்த கடை."

ஒரு சுருளை எடுத்து மேஜையில் போட்டார். வளைத்து, முகர்ந்து பார்த்தேன். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் சாதாரண டியூப்.

"இது வேண்டாம். பெட்ரோலுக்குன்னே வரதைக் குடுங்கோ. எண்ணெயும் பெட்ரோலும் தாங்கறது."

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா. வெலதான் வேற."

"ஒண்ணுன்னா உங்க வண்டியில எதைப் போட்டிருக்கீங்க?"

அவர் சிரித்துக்கொண்டு உள்ளே போய் வேறொரு சுருளைக் கொண்டுவந்தார். தான் போட்டுக்கொள்ளாததை எனக்கு விற்கப் பார்த்ததில் அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. கிளிப்புகளையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் மாற்றிவிடலாம் என்று வேகமாக வீட்டுக்கு வந்தேன்.

வண்டி வாசலில் இல்லை. வாசற்படிக்கு உள்ளே, ரேழியில், கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, செவ்வந்தி மாலையோடு நின்றது. அதன் முன்னால் பலகையில் என் பாடப் புத்தகங்கள், மகனின் கம்ப்யூட்டர் புத்தகங்கள், கணவரின் பேனா, ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர் எல்லாம் அடுக்கியிருந்தன. இந்த ஊர் வழக்கப்படி எங்கள் தெருவிலும் அஷ்டமி சாயங்காலமே பூஜை வைத்துவிடுவார்கள். அதன்பின் விஜயதசமி காலை பூஜை எடுக்கும்வரை யாரும் படிக்கக்கூடாது, எந்தக் கருவியையும் தொடக்கூடாது.

"பத்து நிமிஷ வேலை," என்றேன்.

"பூஜை வெச்சாச்சு," என்றார் கணவர். "இனிமே எப்படித் தொடறது?"

மைத்துனர் என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "என்னடா, புது டியூபா? கொண்டா, கொண்டா. சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கு." அதைப் பிரித்து, புது டியூபுக்கும் குங்குமம் வைத்து, பலகையில் என் புத்தகத்தின் மேல் சுருட்டி வைத்தார். ஒரு நாகப்பாம்புபோல அது அங்கே உட்கார்ந்துகொண்டது.

நான் கத்தியிருப்பேன். ஆனால் மகன் இடையே வந்தான். "அம்மே, இந்த ரெண்டு நாள் வண்டி எடுக்கப் போறதில்லையே. பூஜை எடுத்ததும் முதல் வேலையா மாத்திடலாம். சத்தியம்."

அது நியாயமாகத்தான் பட்டது. ஓடாத வண்டியால் என்ன ஆபத்து? உண்மையில் அந்த இரண்டு நாட்களும் எனக்கு ஓய்வாகவே இருந்தன. அவன் வீட்டிலேயே இருந்தான். சுண்டல் தின்றான், தூங்கினான். தெருமுனையில் எந்தச் சத்தத்துக்காகவும் நான் காது கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

விஜயதசமி காலையில் புனர்பூஜை முடிந்தது. புத்தகங்களை எடுத்துக்கொண்டோம். நான் என் பாடப் புத்தகத்தில் நாலு வரி படித்தேன், வழக்கம் அது. பிறகு புது டியூபை எடுக்கக் கை நீட்டினேன்.

"இருக்கச் சொல்லுடா," என்றார் மைத்துனர். "வண்டிக்கு இன்னும் ஆரத்தி ஆகலை."

இந்த இடத்தில் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்றைச் சொல்லவேண்டும். மற்ற வீடுகளில் வண்டிக்குக் கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி ஓட்டுவார்கள். அவருக்கு அது போதாது. கோவிலில் தீபாராதனை நேரத்தில் மேளம் முழங்குவதுபோல, கற்பூரம் எரியும்போதே எஞ்சின் முழங்கவேண்டும். தட்டு கடைசிச் சுற்று சுற்றும்போது பையன் உதைத்து ஸ்டார்ட் செய்யவேண்டும். பிறகு புகையோடு வண்டி படியிறங்கி வெளியே வரவேண்டும், உற்சவ மூர்த்தி போல. கற்பூரத்தை எங்கே காட்டவேண்டும் என்பதிலும் அவருக்குத் தெளிவு இருந்தது. ஹெட்லைட்டுக்குக் காட்டுகிறவர்கள் விவரமில்லாதவர்கள். உயிர் இருப்பது எஞ்சினில்தான்.

"என்ஜினுக்காக்கும் காட்டணும்," என்றார் தம்பியிடம். தம்பி தலையாட்டினார்.

மகன் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். மைத்துனர் சைகை காட்டினார். அவன் குனிந்து, டாங்கின் அடியில் டியூபுக்குப் பெட்ரோல் விடும் டாப்பைத் திறந்தான். அவர் தட்டில் கற்பூரத்தைக் குவித்து ஏற்றினார். ரேழி முழுக்கச் சாம்பிராணிப் புகை. என் கணவர் மணி அடித்தார்.

எனக்கு முதலில் வந்தது வாசனை அல்ல. நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், வண்டிக்குக் கீழே நான் போட்டிருந்த மாக்கோலத்தை. அதன் ஒரு இதழ் கறுத்தது. பிறகு பக்கத்து இதழ். யாரோ ஈரத் துணியை மெதுவாக விரித்தது போல அந்தக் கறுப்பு என் பக்கம் நகர்ந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அஷ்டமியன்று விசேஷ நாளென்று வழக்கத்தைவிட அதிகமாக எண்ணெய் குடித்திருந்த டியூப், டாப்பின் முனையிலிருந்து முற்றிலும் வழுக்கி இறங்கியிருந்தது, கம்பி மாத்திரம் அங்கே தொங்கியது. பெட்ரோல் தடையில்லாமல் எஞ்சின் மேலும், அதற்குப் பக்கத்தில் இருந்த என் மகனின் கால் மேலும் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் நிமிர்ந்து பெரியப்பாவின் முகத்தைப் பார்த்து, உதைப்பதற்குக் காலைத் தூக்கிக் காத்திருந்தான்.

கற்பூரத் தட்டு ஹாண்டில்பாரைத் தாண்டி எஞ்சினை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

"பெட்ரோல்!" என்று கத்தினேன். மணிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அல்லது கேட்டது, வழக்கமான என் புலம்பல் என்று விட்டார்கள். வாயால் ஊதி அணைக்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது. ஊதினால் எரிகிற துண்டு எங்கே பறக்கும் என்பதும் தோன்றியது. நான் தட்டைப் பிடுங்கினேன். பிடுங்கிக்கொண்டு ஓடினேன். படியிறங்கி, தெருவைக் குறுக்கே தாண்டி, எதிர்வீட்டுப் பக்கத்துச் சாக்கடை வரை. கற்பூரச் சுடர் காற்றில் சாய்ந்து என் விரல்களைச் சுட்டது. தட்டோடு சாக்கடையில் போட்டேன். அங்கேயும் அது கொஞ்ச நேரம் மிதந்து எரிந்தது.

வாசலில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமி கேட்டாள்: "என்ன இது, ஆரத்தி எங்கே புறப்பட்டுடுத்து?"

திரும்பி வந்தபோது மகன் வண்டியிலிருந்து இறங்கி, ஒட்டியிருந்த பேன்ட் துணியை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு படியில் நின்றான். டாப்பை மூடியிருந்தான். பேன்ட் தொடை வரை நனைந்திருந்தது. சாக்கடையில் எரிவதையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தான். குழந்தையாக இருந்தபோது அம்மைத் தடுப்பு ஊசி போட்டதும் வலி வருவதற்கு முன்னால் ஒரு முகம் வைத்திருப்பான். அந்த முகம்.

மைத்துனர் வாசல் நடுவே நின்றார். வெறும் கையை இன்னும் தட்டு பிடிப்பது போலவே வைத்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷங்களில் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"என்ன காரியம் பண்ணினே நீ? விஜயதசமியும் அதுவுமா, ஆரத்தியைக் கொண்டுபோய்ச் சாக்கடையிலயா போடறது?"

"குழந்தை காலைப் பாருங்கோ," என்றேன்.

"பெட்ரோல் வண்டின்னா நாலு சொட்டுச் சிந்தத்தான் சிந்தும்," என்றார் என் கணவர். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். கோலம் முழுவதும் போயிருந்தது. கையிலிருந்த மணியைப் பலகையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அது அவர் எனக்குச் செய்த மரியாதை என்று எடுத்துக்கொள்ள முயன்றிருக்கிறேன், முடியவில்லை.

மகனைக் குளிக்க அனுப்பினேன். ரேழியின் இரண்டு கதவுகளையும் திறந்து, குத்துவிளக்கை அணைத்து, ஊதுவத்திகளைப் பிடுங்கி வெளியே எறிந்தேன். அதையும் மைத்துனர் பார்த்துக்கொண்டிருந்தார். வாடை போனதும், குளித்துவிட்டு வந்த மகனிடம் வண்டியை வெளியே தள்ளச் சொன்னேன். தெருவில், எல்லாரும் பார்க்க, அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஸ்பானரில் இருந்த சந்தனம் கையில் ஒட்டியது. பழைய டியூபின் மறுமுனையை இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. தொட்டதும் கழன்று வந்தது. இரண்டு கையாலும் வளைத்தேன். நடுவில் விண்டு, உள்ளே சாம்பல் நிறத்தில் பொருபொருவென்று இருந்தது. இதற்குத்தான் வாராவாரம் அபிஷேகம்.

புது டியூபைப் பழையதைவிடச் சற்று நீளமாக வெட்டிக்கொண்டேன். முனையை வெந்நீரில் முக்கி, துடைத்து, சூடு ஆறுவதற்குள் டாப்பின் மேல் திருகி ஏற்றினேன். ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாயில் ரப்பரை மாட்டும் முறைதான். கிளிப்பை இறுக்கினேன். மறுமுனையும் அப்படியே. எஞ்சினில் உரசாமல், மடங்காமல் போகிறதா என்று விரலால் வழிநெடுகத் தடவிப் பார்த்தேன். டாப்பைத் திறந்துவிட்டு, இரண்டு முனைகளிலும் காகிதத்தைச் சுற்றி வைத்துவிட்டு, உட்கார்ந்திருந்தேன். காகிதம் நனையவில்லை. பிறகுதான் விரல்களில் எரிச்சல் தெரிந்தது. அதுவரை அது எங்கே இருந்ததோ தெரியவில்லை. அன்று மத்தியானம் மகன்தான் என் விரல்களுக்கு மருந்து போட்டான்.

கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் முழங்கையும் ஊதியிருந்தது. அதையும், மிஞ்சும் பெட்ரோலைக் கீழே விடும் மெல்லிய குழாயையும் அடுத்த நாளே மாற்றினேன். ஆரியசாலைக் கடைக்காரர் இந்த முறை என் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் தண்ணீர் டியூபை மறுபடியும்தான் எடுத்துப் போட்டார்.

எங்கள் தெரு இந்தச் சம்பவத்தை எப்படி நினைவு வைத்திருக்கிறது என்று சொல்கிறேன். "மாமி ஆரத்தியைப் பிடுங்கிண்டு ஓடின வருஷம்." டியூபைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அம்பாள் காப்பாற்றினாள் என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் புது டியூபைப் பூஜையில் வைத்தது தாம்தான் என்றும், அதனால்தான் பெரிய ஆபத்து விலகியது என்றும் மைத்துனர் சொல்லிக்கொண்டிருக்கிறார். பழைய டியூப் கெட்டதற்கும் அவரிடம் காரணம் தயாராக இருந்தது.

"இப்போ வர எண்ணெய்ல பாமாயில் கலக்கறான். அதாக்கும் ரப்பரைக் கொன்னது. இனிமே மில்லுல ஆட்டின எண்ணெய்தான்."

அடுத்த சனிக்கிழமை அவர் அந்த எண்ணெயோடு வந்தார். நிஜமாகவே மில்லில் ஆட்டியது. வாசனை சமையலறை வரை வந்தது. நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். கணவர் துண்டோடு உட்கார்ந்திருந்தார். மகன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மைத்துனர் உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு, புது டியூபை நோக்கிக் குனிந்தார்.

"பெரியப்பா," என்றான் என் மகன்.

"என்னடா?"

"அதை உங்க தலையிலேயே தேச்சுக்கோங்கோ."

அவர் உள்ளங்கையை ஏந்தியபடி தம்பியைப் பார்த்தார், தனக்காக யாராவது ஏதாவது சொல்லுவார்கள் என்று. தம்பி துண்டின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விரலிடுக்கு வழியாக ஒழுகத் தொடங்கியது. வேறு வழியில்லாமல் அதை உச்சந்தலையில் வைத்துத் தட்டிக்கொண்டார்.

மகன் இன்னும் அந்த வண்டியில்தான் கழக்கூட்டம் போகிறான். பஸ்ஸில் போகச் சொல்வதை நான் விடவில்லை, அவன் கேட்பதும் இல்லை. காலையில் அவன் சாவியை எடுத்ததும் நான் வாசலுக்குப் போய்க் குனிந்து டியூபின் இரண்டு முனைகளையும் விரலால் அழுத்திப் பார்க்கிறேன். முன்பெல்லாம் "அம்மே, நேரமாச்சு" என்பான். இப்போது வண்டியை ஸ்டாண்டில் போட்டு, தள்ளி நின்று, நான் நிமிரும்வரை காத்திருக்கிறான்.